முகப் பொலிவும் ஒளுவின் ஒளியும்



அண்மையில் ஒரு நிக்காஹ் வீட்டுக்கு நாம் சென்றிருந்தோம். மாலை ஐந்து மணி இருக்கும். மணப்பெண்ணை அலங்கரிக்க வெளியூரிலிருந்து ஒரு பெண் வந்து, பகல் இரண்டு மணிக்கே வேலையைத் தொடங்கிவிட்டாராம். முகத்தில் மூன்று நான்கு பூச்சுகள், இமைகளில் ஒட்டுமயிர், நகங்களில் பளபளக்கும் சாயம். கூடத்தில் உட்கார்ந்திருந்த உம்மும்மா பேத்தியைப் பார்த்து, "அஸர் தொழுதுட்டியாம்மா?" என்று கேட்டார். "ஒளு செஞ்சா எல்லாம் கரைஞ்சு போயிடும் உம்மும்மா. ராத்திரி சேர்த்துத் தொழுதுக்கறேன்" என்று பதில் வந்தது. பக்கத்திலிருந்த ஒரு மாமி, "ஒரு நாளைக்குத்தானே, விடுங்க" என்றார். உம்மும்மா பேசவில்லை, தஸ்பீஹ் மணியை உருட்டத் தொடங்கிவிட்டார்.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஐந்து வேளை தொழுது வளர்ந்த பெண்தான் அவள். வாழ்வின் மிகப் பெரிய நாளில், அல்லாஹ்வின் பரக்கத்து அதிகம் வேண்டிய நாளில், லுஹரோ அஸரோ மக்ரிபோ இல்லாமல் அவளை மணமேடையில் உட்கார வைத்தவர்கள் பெரியவர்களாகிய நாமல்லவா? ஆகவே அலங்காரம் பற்றிய மஸ்அலாக்களை இம்மாதம் எடுத்துக்கொண்டோம்.

அலங்காரம் ஆகாததா?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். அழகு செய்து கொள்வதை இஸ்லாம் வெறுக்கவில்லை. தொழும் இடங்களிலெல்லாம் அலங்காரத்தை எடுத்துக்கொள்ளுமாறு ஆதமின் மக்களுக்கு அல்லாஹ் கட்டளையிடுவதும், தன் அடியார்களுக்காக அவன் வெளிப்படுத்திய அழகை ஹராமாக்கியவர் யார் என்று கேட்பதும் அல்-அஃராஃப் அத்தியாயத்தின் 31, 32 ஆம் வசனங்களில் உள்ளன. நல்ல ஆடையும் நல்ல காலணியும் விரும்புவது பெருமையாகுமா என்று ஒருவர் கேட்டபோது, அல்லாஹ் அழகன், அழகை விரும்புகிறவன் என்றும், உண்மையை மறுப்பதும் மக்களை இழிவாக நினைப்பதுமே பெருமை என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். இது முஸ்லிம் நூலில் வரும் ஹதீஸ். தலைவிரிகோலமாக இருந்த ஒருவரைக் கண்டு, தலையைச் சீர்செய்ய இவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லையா என்று அவர்கள் கேட்டதை அபூதாவூத் நூலில் காண்கிறோம். நகம் வெட்டுவது முதலிய தூய்மைகளை நாற்பது நாட்களுக்கு மேல் தள்ளிப் போடக் கூடாது என்பதும் ஹதீஸில் வந்த வரம்பே.

மனைவி தனக்காக அலங்கரித்துக் கொள்வதை விரும்புவது போலவே, தானும் அவளுக்காக அலங்கரித்துக் கொள்வதை விரும்புவதாக இப்னு அப்பாஸ் (ரலி) கூறியுள்ளார்கள். வேர்வை நாற்றத்தோடு வீட்டுக்குள் நுழைந்து, மனைவி மட்டும் மலர்ந்த முகத்தோடு நிற்கவேண்டும் என்று எதிர்பார்க்கும் ஆண்கள் இதைச் சற்றுச் சிந்திக்கட்டும்.

ஆகவே அழகு செய்யலாம். ஆனால் மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்துகொண்டு செய்யவேண்டும். ஒன்று, இது என் ஒளுவையும் குளிப்பையும் கெடுக்குமா? இரண்டு, இது என் உடம்பைக் கெடுக்குமா? மூன்று, இது யாருடைய கண்ணுக்காக?

தண்ணீர் தோலைத் தொடவேண்டும்

ஒளுவில் முகத்தையும், முழங்கை வரை கைகளையும், கணுக்கால் வரை கால்களையும் கழுவுவது அல்-மாயிதா அத்தியாயத்தின் 6 ஆம் வசனத்தால் பர்ளானது. கழுவுதல் என்றால் தண்ணீர் அந்த உறுப்பின் மேல் பட்டு ஓடுவது. ஒருவர் காலில் நகமளவு இடம் நனையாமல் விடுபட்டிருப்பதைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், திரும்பிப் போய் ஒளுவைச் செம்மையாகச் செய்யுமாறு ஏவினார்கள் என்று உமர் (ரலி) அறிவிக்கிறார்கள். நனையாத குதிகால்களுக்கு நரகத்தைக் கொண்டு எச்சரித்த ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. நகமளவு என்றால் எவ்வளவு என்று நம் சகோதரிகளுக்குச் சொல்லவேண்டியதில்லை. நகச்சாயம் பூசும் இடமே அந்த அளவுதான்!

இங்கே நினைவில் வைக்கவேண்டிய விதி ஒன்றுதான். நிறம் தடையல்ல; படலம் தடை. இதைக் கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மருதாணி: தோலில் நிறத்தை மட்டும் விட்டுச் செல்கிறது. ஒளு கூடும். ஆனால் அரைத்த விழுது காய்ந்து கையில் ஒட்டியிருக்கும் வரை கூடாது. உதிர்த்துக் கழுவிய பின்பே கூடும்.

நகச்சாயம்: காய்ந்ததும் மெல்லிய ஏடாக நகத்தை மூடிவிடுகிறது. தண்ணீர் நகத்தைத் தொடாது. ஒளுவும் இல்லை, கடமையான குளிப்பும் இல்லை. நகத்தில் காய்ந்த ரொட்டி மாவையும் மெழுகையும் பற்றி ஃபிக்ஹு நூல்கள் சொல்லும் சட்டம் இதற்கும் பொருந்தும். தோல் காலுறை மேல் மஸ்ஹு செய்யலாமே, கட்டுப் போட்ட காயத்தின் மேல் தடவலாமே என்று சிலர் வாதிக்கலாம். காலுறைக்கு ஹதீஸ் ஆதாரம் உண்டு. காயத்துக்கு நிர்ப்பந்தம் உண்டு. நகச்சாயத்துக்கு இவ்விரண்டும் இல்லை.

'காற்றுப் புகும்' நகச்சாயம்: ஒளுவுக்குத் தடையில்லை என்ற விளம்பரத்தோடு சில ஆண்டுகளாக இது விற்பனைக்கு வருகிறது. காற்றோ நீராவியோ மெல்ல ஊடுருவுவது வேறு. ஒளு செய்யும் சில விநாடிகளில் தண்ணீர் நகத்தைச் சென்றடைவது வேறு. பெட்டியின் மேல் அச்சிட்ட 'ஹலால்' என்ற சொல்லை நம்பித் தொழுகையைப் பணயம் வைப்பதை விட, அழித்துவிட்டு ஒளு செய்வதே பேணுதல்.

உதட்டுச்சாயம், பவுண்டேஷன், மஸ்காரா: தண்ணீரில் கலைந்து போகும் வகையாயின், நன்கு கழுவிவிட்டு ஒளு செய்தால் போதும். 'வாட்டர்புரூஃப்' என்று எழுதியிருப்பது, பெயரே சொல்வது போல், தண்ணீரைத் தடுப்பதற்காகவே செய்யப்பட்டது. பஞ்சில் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவினால் அது நீங்கும். அதன் பின்பே ஒளு.

ஒட்டு இமைமயிர், ஒட்டு நகம்: பசையால் ஒட்டப்படுவன, வாரக்கணக்கில் நீடிப்பவையும் உண்டு. இவற்றோடு ஒளுவும் கடமைக் குளிப்பும் நிறைவேறா. ஒட்டு முடி வைப்பதைக் கண்டித்து வந்த ஹதீஸையும் இங்கே நினைவில் கொள்ளவேண்டும்.

எண்ணெய், ஈரப்பதக் களிம்பு, வெயில் தடுப்புக் களிம்பு: தோலில் ஊறிப்போய், கெட்டியான படலமாக நில்லாதவரை ஒளுவுக்குத் தடையில்லை. எண்ணெய்ப் பிசுக்கினால் தண்ணீர் முத்து முத்தாக உருண்டாலும், தோலைத் தொட்டு ஓடினால் போதும். வாஸ்லின் போன்றது அப்பலாக இருந்தால் துடைத்துவிட்டுக் கழுவவேண்டும்.

ஹைளு நாட்களில் தொழுகை இல்லாததால் அப்போது நகச்சாயம் இடலாமா என்று கேட்கிறார்கள். இடலாம். ஆனால் சுத்தமாகிக் குளிக்கும் முன் அதை முற்றிலும் நீக்கிவிடவேண்டும். இல்லையேல் குளிப்பே கூடாது. மரணம் சொல்லிக்கொண்டு வருவதில்லை என்பதையும் மறக்கவேண்டாம். மைய்யித்தைக் குளிப்பாட்டும் போதும் தண்ணீர் உடலெங்கும் படவேண்டும். அழுதுகொண்டிருக்கும் பெண்கள் கையில் பஞ்சை வைத்து நகத்தைச் சுரண்டும் நிலையை நாம் விட்டுச் செல்லலாமா?

உடம்பு அமானிதம்

இனி இரண்டாம் கேள்வி. தானும் துன்பம் ஏற்கக் கூடாது, பிறருக்கும் துன்பம் தரக் கூடாது என்ற கருத்துள்ள ஹதீஸ் இப்னு மாஜாவில் உள்ளது. சட்ட நூல்களில் அது ஓர் அடிப்படை விதி. இந்த விதிக்கு நேர் எதிராக இன்று நம் வீடுகளில் நுழைந்திருப்பது 'சிவப்பாக்கும்' களிம்பு.

இக்களிம்புகளில் எல்லாம் நஞ்சு என்று நாம் சொல்லவில்லை. ஆனால் சிலவற்றில் பாதரசம் கலக்கப்படுகிறது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் உண்டாவதைப் பாதரசம் தடுக்கும். அதனால் சில வாரங்களில் முகம் வெளுக்கிறது. அதே பாதரசம் தோல் வழியே இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது. ஜப்பானின் மினமாட்டா நகரில் தொழிற்சாலைக் கழிவுப் பாதரசம் மீன்கள் வழியே மக்களை முடமாக்கிய நோய் 1956 இல் வெளிப்பட்டது. அந்த ஊரின் பெயராலேயே 2013 இல் பாதரசத்துக்கு எதிரான உலக உடன்படிக்கை உருவாகி, 2017 இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018 இல் அதை ஏற்றது. நம் நாட்டின் 2020 ஆம் ஆண்டு அழகுப் பொருள் விதிகளின்படி, முகக் களிம்பில் தற்செயலாகக் கலந்த பாதரசம் கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

சட்டம் இருந்தும் என்ன நடந்தது? கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், 2021 முதல் 2023 வரை ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு, அரிதாகவே காணப்படும் ஒரு குறி தென்பட்டது. அந்தப் 15 பேரில் 13 பேர் வெளுப்பூட்டும் களிம்பு பூசியவர்கள். நம் சமுதாயம் நிறைந்து வாழும் மாவட்டம் அது என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. களிம்பை நிறுத்தியதும் பலருக்கு நோய் தணிந்தது என்பது ஆறுதல். காலிலும் முகத்திலும் வீக்கம், சிறுநீரில் நுரை ஆகியவை கண்டால் தாமதியாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். பூசிய களிம்பையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பூசுபவரோடு இது நிற்பதில்லை. துண்டு, தலையணை வழியாகவும், மடியில் தவழும் பிள்ளை முகத்தோடு முகம் வைப்பதாலும் குழந்தைக்கும் சேர்கிறது.

பாதரசக் களிம்பை அடையாளம் காண்பது எப்படி? தயாரித்தவர் முகவரியும், சேர்மானப் பட்டியலும், உரிம எண்ணும் இல்லாத டப்பாவைத் தொடவே வேண்டாம். பட்டியலில் 'மெர்க்குரி', 'மெர்க்குரிக்', 'கேலோமெல்' போன்ற சொற்கள் இருந்தால் தூர வையுங்கள். தங்கம், வெள்ளி, அலுமினியம், ரப்பர் மேல் படக்கூடாது என்று எழுதியிருந்தால் அதுவும் பாதரசத்தின் அறிகுறியே. நகையைக் கெடுக்கும் பொருள் முகத்தை என்ன செய்யும்?

மற்றொரு வகை, ஸ்டீராய்டு கலந்த களிம்பு. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர்களைப் பார்த்து வையுங்கள். இவை நோய்க்கு மருந்து. மருத்துவர் சொல்லும் காலத்துக்கு மட்டும் பூசவேண்டியவை. பவுடர் போல் தினமும் பூசினால் முதலில் முகம் மினுமினுக்கும். பின்னர் தோல் மெலிந்து, சிவந்து, பருக்கள் கிளம்பி, முகத்தில் முடியும் வளரும். நிறுத்தினால் எரிச்சல் தாங்காமல் மறுபடியும் அதையே பூசவைக்கும்.

கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. மேலே உலர்ந்த தானியமும் உள்ளே நனைந்ததுமாக வைத்திருந்த வியாபாரியைக் கண்டித்து, ஏமாற்றுகிறவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னார்கள். பட்டியல் இல்லாத களிம்பை, 'வெளிநாட்டுச் சரக்கு' என்று சொல்லிப் பெண் பிள்ளைகளுக்கு விற்பவர் அந்தத் தானியக் குவியலை நினைத்துப் பார்க்கட்டும்.

சுர்மாவும் கறுப்பு மருதாணியும்

சுர்மா இடுவது ஸுன்னத்து. இஸ்மிது என்னும் அஞ்சனத்தை நாயகம் (ஸல்) அவர்கள் சிறப்பித்துள்ளார்கள். ஆனால் இன்று கடையில் அப்பெயரில் விற்கும் பல பொடிகள் ஈயம் கலந்த கல்லைப் பொடித்தவை. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஈயம் இல்லை என்று சோதித்து உறுதி செய்யப்பட்டதை மட்டும் வாங்குங்கள். கைக்குழந்தையின் கண்ணில் இடாதீர்கள். ஸுன்னத்தை விடச் சொல்லவில்லை; ஸுன்னத்தின் பெயரால் விற்கப்படும் கலப்படத்தை விடச் சொல்கிறோம்.

மருதாணி இலை தருவது செம்மஞ்சள் நிறம். சில நிமிடங்களில் கன்னங்கரேலென்று பற்றும் 'கறுப்பு மருதாணி'யில் பெரும்பாலும் தலைமுடிச் சாயத்தில் சேரும் ரசாயனம் உள்ளது. அது கையில் கொப்புளமும் நீங்காத தழும்பும் உண்டாக்கக் கூடும். பெருநாளைக்கு முன்னிரவில் பிள்ளைகளின் கையில் இதை வைத்துவிட வேண்டாம்.

புதிய பொருளைப் பூசிப் பார்க்கும் முன்

புதிதாக எதை வாங்கினாலும் நேரே முகத்தில் பூசாதீர்கள். முழங்கையின் உட்புறத்தில், ஒரு காசளவு இடத்தில், காலையும் மாலையுமாக ஒரு வாரம் தடவிப் பாருங்கள். அரிப்போ, தடிப்போ, சிவப்போ இல்லையென்றால் முகத்துக்குக் கொண்டு வாருங்கள். ஒரே சமயத்தில் இரண்டு புதிய பொருட்களைத் தொடங்கவேண்டாம். தீங்கு நேர்ந்தால் எதனால் என்று தெரியாது. கர்ப்பிணிகள் ரெட்டினால், டிரெட்டினாயின் சேர்ந்தவற்றைத் தவிர்க்கவேண்டும்.

உதட்டில் பூசுவது வயிற்றுக்குள்ளும் போகும். 'கார்மைன்' அல்லது 'சி.ஐ. 75470' என்று இருந்தால் அது ஒரு பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு. பேணுதல் உள்ளவர்கள் அதைத் தவிர்த்துவிடலாம். 'சீட்டைல் ஆல்கஹால்' என்று கண்டு பதற வேண்டாம். பெயரில் ஆல்கஹால் இருந்தாலும் அது போதை தரும் மதுவல்ல. மெழுகு போன்ற ஒரு கொழுப்புப் பொருள்.

உண்மையில் தோலுக்கு வேண்டியது அதிகமில்லை. மென்மையான சோப்பு, ஒளுவுக்குப் பின் ஈரம் முழுதும் உலருமுன் தடவும் சிறிதளவு ஈரப்பதக் களிம்பு, வெயிலில் செல்லும்போது வெயில் தடுப்புக் களிம்பு, நல்ல உறக்கம், போதிய தண்ணீர். செலவு குறைவு, ஒளுவுக்கும் இடைஞ்சல் இல்லை.

யாருடைய கண்ணுக்காக?

மூன்றாம் கேள்விக்கு அந்-நூர் அத்தியாயத்தின் 31 ஆம் வசனம் விடை சொல்கிறது. கணவர், மஹ்ரமான உறவினர், பெண்கள் ஆகியோர் முன்பு அலங்காரம் தெரியலாம், அந்நியருக்காக அல்ல. இன்று செல்பேசியில் எடுக்கும் மணப்பெண்ணின் படம் ஒரு மணி நேரத்தில் எத்தனை அந்நியரிடம் போய்ச் சேர்கிறது என்பதையும் வீட்டார் கவனிக்கவேண்டும். புருவத்தைப் பிடுங்கி மெலிதாக்குவது ஹதீஸில் கண்டிக்கப்பட்டது. மீசை போல வளரும் முடியை நீக்குவதற்கு அறிஞர்கள் அனுமதி அளித்திருக்கிறார்கள்.

ஆனால் இந்தக் கேள்வியைப் பெண்ணிடம் மட்டும் கேட்டு முடித்துவிட்டால் நீதியாகாது. களிம்பை வாங்கவைத்தவர் யார்? பெண் பார்க்கப் போய், "எல்லாம் சரி, நிறந்தான் கொஞ்சம் கம்மி" என்று சொல்லிவிட்டு வந்தவர்கள் நாமல்லவா? அந்தச் சொல் சுவருக்கு அப்பால் நின்ற பெண்ணின் காதில் விழுந்திருக்காதா? நம் நாட்டில் 1975 முதல் விற்பனையாகும் ஒரு புகழ்பெற்ற களிம்பு, 2020 இல் தன் பெயரில் இருந்த வெண்மையைக் குறிக்கும் சொல்லை நீக்கிக்கொண்டது. கம்பெனி பெயரை மாற்றிவிட்டது. நாம் இன்னும் மனத்தை மாற்றவில்லை. இறுதி ஹஜ்ஜில், தக்வாவைக் கொண்டன்றி வெள்ளையருக்குக் கறுப்பரை விட மேன்மை இல்லை என்று பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். கறுத்த மேனியரான பிலால் (ரலி) அவர்களைத்தான் தம் பாங்கொலிக்குத் தேர்ந்தார்கள். அல்லாஹ் நம் உருவத்தையும் செல்வத்தையும் பார்ப்பதில்லை, உள்ளத்தையும் செயலையுமே பார்க்கிறான் என்ற ஹதீஸை மேடையில் கேட்டுத் தலையசைத்துவிட்டு, வீட்டில் மாநிற மகளின் கையில் டப்பாவைக் கொடுப்பது என்ன நியாயம்?

மணப்பெண்ணுக்கு ஒரு வழி

அந்த நிக்காஹ் வீட்டுக்கே திரும்புவோம். அவளுக்கு வழி இல்லாமல் இல்லை. மாலை நிக்காஹ் என்றால், அஸருடைய வக்து வந்ததும் ஒளு செய்து தொழுதுவிட்டு, அதன் பின் அலங்காரத்தைத் தொடங்கலாம். ஒளுவோடு பூசிக்கொண்ட பூச்சு ஒளுவை முறிக்காது. அந்த ஒளு நீடித்தால் மக்ரிபையும் இஷாவையும் அலங்காரத்தோடேயே தொழலாம். ஷாஃபிஈ மத்ஹபினர், நிக்காஹுக்குப் பின் மாப்பிள்ளையின் கை நேரடியாகத் தோலில் பட்டாலும் ஒளு முறியும் என்பதை நினைவில் வைக்கவேண்டும். இடையில் ஒளு முறிந்தால் கழுவத்தான் வேண்டும். அலங்காரத்தைக் காரணம் காட்டித் தயம்மும் செய்வதற்கோ, தொழுகைகளைச் சேர்த்துத் தொழுவதற்கோ எந்த மத்ஹபிலும் இடமில்லை. ஆகவே அலங்கரிக்க வருபவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்: நகச்சாயம் வேண்டாம், மருதாணி போதும், ஒட்டுமயிர் வேண்டாம், கழுவினால் போகும் பூச்சு போதும், மக்ரிபுக்குக் கால் மணி நேரம் ஒதுக்கவேண்டும். பணம் கொடுப்பவர்கள் நாம். நிபந்தனையும் நம்முடையதாக இருக்கட்டும். நிக்காஹ் அழைப்பிதழ் அச்சிடும் போதே தொழுகை நேரத்தைப் பார்த்து நிகழ்ச்சியை அமைப்பது வாப்பாமார்களின் பொறுப்பு.

முகம் பொலியவேண்டும் என்றுதானே இவ்வளவும்? அப்பொலிவுக்கு ஒரு வாக்குறுதி இருக்கிறது. கியாமத்து நாளில் தம் உம்மத்தினர், ஒளுவின் அடையாளத்தால் முகமும் கைகால்களும் ஒளிவீச அழைக்கப்படுவார்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் நன்மாராயம் கூறியதை அபூஹுரைரா (ரலி) அறிவிக்கிறார்கள். அன்றைய கூட்டத்தில் நம்மை அடையாளம் காட்டப்போவது, இன்று நம் முகத்தில் ஓடிய தண்ணீரே. அந்தத் தண்ணீருக்கு நாம் தடை போடலாமா?

உம்மும்மாவின் கேள்வியை ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கட்டும். "தொழுதுவிட்டேன்" என்று பேத்திகள் பதில் சொல்லும் நிலையை நாம் உண்டாக்குவோம். நம் வெளித் தோற்றத்தை அழகாக்கிய வல்ல நாயன் நம் குணத்தையும் அமல்களையும் அழகாக்கித் தருவானாக! ஆமீன்.